யாரும் இல்லாத நூற்றிருபது கிலோமீட்டர்

பீடிகை என்பது அவளுக்கு வைத்த பெயர் இல்லை, விழுந்த பெயர். பயணிகள் அலுவலகத்தில் வழிகாட்டி வேலை பார்த்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு, கம்பெனி வண்டியில் வெட்டவெளியைப் பார்க்கக் கிளம்புகிறவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்து, போகிற இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லி அனுப்ப வேண்டும். விதி அப்படி. அவள் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். வெளியே வண்டியில் காத்திருக்கும் டிரைவர் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோவான். டிரைவர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த இடமே பழசாயிடும்" என்பான்.

அவள் என்ன செய்வாள்? சொல்ல விஷயம் இருந்தது. அலுவலகச் சுவரில் கதவைவிட அகலமாக ஒரு வரைபடம் தொங்கியது. அதில் நகரம் ஓர் ஓரத்துப் புள்ளி. அங்கிருந்து கிழக்கே ஒரே ஒரு சாலை, நூற்றிருபது கிலோமீட்டர். மிச்சம் முழுக்க மஞ்சள். கல் எது, புதர் எது, வறண்ட ஏரி எது என்று பிரித்துக் காட்ட அச்சடித்தவர் மெனக்கெடவில்லை. அந்த மஞ்சளுக்குள் ஆறு வீடுகள், ஒன்பது பேர். அவர்களையும் அவர் போடவில்லை. பீடிகைதான் பேனாவால் ஆறு புள்ளி வைத்திருந்தாள். அந்த ஆறு புள்ளிக்குத்தான் நாற்பது நிமிடம்.

"பதினஞ்சாவது கிலோமீட்டர்ல வானிலைக்காரர். மழையைப் பத்தி மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதீங்க. ஆறு வருஷமா தினமும் மழைக் கணக்குல முட்டைதான் போட்டுக்கிட்டிருக்கார், பாவம். முப்பத்தஞ்சுல ஆட்டுக்காரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். அம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்தாங்கன்னா அவசரமா எந்திரிச்சுடுங்க, எடுத்துட்டாங்கன்னா உங்க தலையெழுத்து. அறுபதுல அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரோட்டுல மணல் தள்ளுற டிராக்டர் அவங்களோடது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, எட்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அதுக்கப்புறம் வறண்ட ஏரி. ஏரி தாண்டி எண்பதுல பம்பு மெக்கானிக். தொண்ணூத்தஞ்சுல எங்க சித்தி. அவங்களைப் பத்தி அவங்களே சொல்லிக்குவாங்க. கடைசியில ரேடியோ டவர் காவல்காரரும் அவர் சம்சாரமும்."

இப்படிப் போகும்.

சித்தி இருந்ததால்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். சித்தப்பா போன பிறகு, நகரத்துக்கு வந்து தங்களோடு இருக்கும்படி அக்காவும் தம்பியும் கெஞ்சிப் பார்த்தார்கள். அழைத்தும் வந்தார்கள். சித்தி நாலாவது நாள் ஜன்னலைத் திறந்தாள், அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு, நான் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அன்றைக்குப் பீடிகை வாக்குக் கொடுத்தாள்: வாரா வாரம் வந்து பார்ப்பேன். அந்தச் சாலையில் வாரம் தவறாமல் போகும் வண்டி கம்பெனி வண்டி ஒன்றுதான். எனவே கம்பெனியில் சேர்ந்தாள், ஆறு மாதத்தில் தம்பியையும் டிரைவராகச் சேர்த்துவிட்டாள். புதன்தோறும் பயணிகளோடு பயணிகளாக ஒன்பது பேருக்கும் கடிதம், மருந்து, வெங்காயம், பேட்டரி எல்லாம் போகும். சித்திக்கு ரத்த அழுத்த மாத்திரையும் ஒரு மணி நேரப் பேச்சும் போகும்.

சிக்கல் கம்பெனி விளம்பரத்தில் இருந்தது. "நூற்றிருபது கிலோமீட்டர். ஒரு மனித முகம் கிடையாது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி வருகிறவர்களுக்கு என்ன நடந்தது? வாரம் முழுக்க மனித முகம் பார்க்காத ஒன்பது பேர், வண்டி வருகிறது என்றதும் தலைவாரிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பயணிகள் தனிமையைப் பார்க்க வந்தார்கள். தனிமை பயணிகளைப் பார்க்க வந்தது. மெக்கானிக் ஒரு படி மேலே போய், வண்டி நிற்கும் இடத்துக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, "அட, மறுபடியும் நீங்களா!" என்று ஆச்சரியப்பட்டார்.

புகார் போனது. ஒருவர் எழுதியிருந்தார்: "மொத்தம் ஒன்பது பேரைப் பார்த்தோம். அதில் ஒருவரை ஐந்து முறை பார்த்தோம்."

மேனேஜர் போனில் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வர்ற புதன்கிழமை முதலாளியே நேர்ல வர்றார். அம்மாவும் வர்றாங்க. வேற பயணிகள் கிடையாது. விளம்பரத்துல சொன்னபடி இருக்கான்னு பாப்பார். ஒரு தலை தெரிஞ்சாலும் இந்த வழியையே மூடிடுறதா சொல்லிட்டார். உங்களை மலைப்பக்கம் மாத்திடுவாங்க. புரியுதா?"

புரிந்தது. பயம் தன் மாற்றலைப் பற்றியதில்லை, மலையோ மேடோ எங்கே என்றாலும் பீடிகை போடலாம். சித்தியை மறுபடி அந்த ஜன்னலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அல்லது அந்த வெட்டவெளியில் மாத்திரை தீர்ந்த நாளில் தனியாக விட வேண்டும். இரண்டையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேடியோவில் ஒன்பது பேரையும் கூப்பிட்டாள். ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி இல்லை, பேசுகிற ரேடியோ. ஆறு வீட்டிலும் ஒன்று, வண்டியில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. பதினோரு வருஷமாக அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி தன் வீட்டைத் தாண்டினாலும் வீட்டுக்காரர் மைக்கை எடுத்து "போயாச்சு" என்று சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, வண்டி வரவேண்டிய நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பார். நேரம் தாண்டிக் கால் மணி ஆகியும் வரவில்லை என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் தேடக் கிளம்ப வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

"நாளைக்கு ஒருத்தரும் தலையைக் காட்டக் கூடாது" என்றாள் பீடிகை. "புகை, கொடித்துணி, பேச்சு ஒண்ணும் கூடாது. அரை நாள். எனக்காக."

"ஒளிஞ்சுக்கணுமா?" என்றார் வானிலைக்காரர், நம்ப முடியாமல்.

"ஒளிஞ்சுக்கணும்."

மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை, சின்ன வயசில் ஒளிந்து விளையாடியதற்குப் பிறகு இப்போதுதான் என்றார். சித்தியின் குரல் கடைசியாகத்தான் வந்தது. "என் வீட்டுல நான் எதுக்குடி ஒளியணும்?"

பீடிகை மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "புதன்கிழமை இல்லாம போயிடும் சித்தி."

"சரி விடு. அரை நாள்தானே. இருந்த இடம் தெரியாம இருந்துட்டுப் போறேன்."

புதன் காலையில் முதலாளியும் முதலாளியம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர் ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாமலே காரியம் சாதித்துப் பழகியவர், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஏதோ சிறையிலிருந்து வந்தவரைப்போல மூச்சுவிட்டார். அம்மா அதற்கு நேர் எதிர். நாற்காலியில் உட்கார்வதற்குள் பீடிகைக்குப் பிள்ளைகள் எத்தனை, தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு முடித்திருந்தார்.

பீடிகை வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆறு புள்ளியையும் காலையிலேயே மஞ்சள் சாக்பீஸால் மறைத்திருந்தாள். "இது கல். இது புதர். இது வறண்ட ஏரி" என்றாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. "மேலே வானம். அவ்வளவுதான்."

ஒன்றரை நிமிடம். தம்பி ஹாரனில் கை வைக்கவே நேரம் கிடைக்கவில்லை. வாழ்நாளில் அவள் போட்ட மிகச் சின்னப் பீடிகை அதுதான், மிக மோசமானதும் அதுதான்.

வண்டிக்குள் தம்பி ரேடியோவை அணைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான். யாராவது பழக்கதோஷத்தில் பேசித் தொலைத்தால்? கிளம்பினார்கள்.

வானிலைக்காரர் வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் திட்டில் ஒரு டீ டம்ளர் ஆவி பறக்க இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் பார்க்கவில்லை, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்த்தார். பீடிகையையும் ஒரு பார்வை பார்த்தார்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஆட்டுப்பட்டி. வண்டி மெதுவாகப் போனது. நாற்பது ஆடுகள் வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. அம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு, பீடிகையின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, உங்க ஆடு ஒண்ணு தலையில முக்காடு போட்டிருக்கே?"

"வெயிலுக்கும்மா" என்றாள் பீடிகை.

"ஓகோ. கண்ணாடியும் போட்டிருக்கு."

"வயசான ஆடும்மா."

முன்னால் தம்பியின் தோள் குலுங்கியது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த நிமிடமே பீடிகைக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது.

அண்ணன் தம்பி வீட்டைப் பதினோரு மணிக்குத் தாண்டினார்கள். ஈ காக்கை இல்லை. பரவாயில்லையே, சண்டைக்காரர்கள்தான் சொன்னபடி கேட்கிறார்கள் என்று அவள் நிம்மதிப்பட்டாள். அதோடு ஏரி ஆரம்பமானது.

வறண்ட ஏரியைப் பற்றி என்ன சொல்வது? இருபது கிலோமீட்டர் வெள்ளை. தரை ஓடு ஓடாக வெடித்து, துடைத்துவைத்த மாதிரி கிடக்கும். ஒரு புல், ஒரு கல் கிடையாது. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாத ஆளைப் பீடிகை கண்டதில்லை. முதலாளியம்மாகூட நிறுத்தினார். ஏரியில் முக்கால்வாசி வந்ததும் முதலாளி, "நிறுத்துங்க" என்றார்.

திட்டத்தில் இல்லாத நிறுத்தம். அவரே இறங்கினார். பின்னாலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துப் போய் நூறடி தள்ளி வெள்ளையில் போட்டார். திரும்பி வந்து வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு மணி நேரம். யாரும் பேசாதீங்க, வண்டியைக் கிளப்பாதீங்க. இருபத்தாறு வருஷமா எனக்கு ஒரு மணி நேரம் கிடைச்சதில்லை."

போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலையைப் பின்னால் சாய்த்து வாயை லேசாகத் திறந்துகொண்டார். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின.

பீடிகைக்குக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தது. மனிதர் கேட்டது கிடைத்துவிட்டது, புதன்கிழமை பிழைத்தது. தம்பி அவள் கையைத் தொட்டுக் கைக்கடிகாரத்தைக் காட்டினான். பதினொன்று நாற்பது. அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது.

ஒளிந்துகொள்ளத்தான் சொன்னாள். வண்டியை எண்ணாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. மூச்சுவிடாதே என்று யாராவது சொல்வார்களா? அண்ணன் தம்பி எங்கே ஒளிந்திருந்தாலும் பதினோரு மணிக்கு "போயாச்சு" சொல்லியிருப்பார்கள். அடுத்தது மெக்கானிக். அரை மணியில் வண்டி அவர் வீட்டைத் தாண்டியிருக்க வேண்டும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கால் மணி கெடுவும் முடிந்துவிடும்.

வண்டி ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவி இல்லாமல் அது உயிர் பெறாது. சாவி முதலாளியின் சட்டைப்பையில்.

அவள் அடிமேல் அடிவைத்து நாற்காலியருகே போனாள். "சார்..."

கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார் அவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உண்மையைச் சொன்னால் சாவி கிடைக்கும், புதன்கிழமை போகும். சொல்லாவிட்டால்? ஒருவேளை இன்றைக்கு மட்டும் மெக்கானிக் ஒளிகிற குஷியில் மறந்திருக்கலாம். பதினோரு வருஷத்தில் ஒருநாள் கூட மறக்காத ஆள்தான், ஆனாலும். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். பேசிப் பேசியே பேர் வாங்கியவள், பேச வேண்டிய ஒரே நேரத்தில் பேசாமல் விட்டாள்.

பன்னிரண்டரை ஆகச் சில நிமிடம் இருக்கும்போது கிழக்கே ஒரு புழுதி எழுந்தது. மேற்கே இன்னொன்று.

கிழக்கே வந்தது மோட்டார் சைக்கிள், அரை மணி நேரம் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு. மெக்கானிக் பம்பு மேடையில் ஏறி நின்று பைனாகுலரில் பார்த்திருக்கிறார். கானல் நீருக்கு நடுவே வண்டி நிற்கிறது, நாற்காலியில் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார், மூன்று பேர் அசையாமல் நிற்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தானே சொல்வார்கள். மேற்கே டிராக்டர். அதில் அண்ணனும் தம்பியும், ஒரு கதவுப்பலகை, ஒரு கட்டுக் கயிறு. அவர்களுக்குப் பின்னால் ஆட்டுக்காரம்மாவின் வீட்டுக்காரர் ஓட்டும் வேன், முக்காடு கலைந்த ஆட்டுக்காரம்மா. அதற்கும் பின்னால் வானிலைக்காரரின் சின்னக் கார், மேலே ஒரு பெரிய குடையோடு. கிழக்கே மறுபடி புழுதி. சித்தப்பாவின் பழைய ஜீப், ஸ்டியரிங்கில் சித்தி. அதை ஒட்டியே டவர் தம்பதி.

பீடிகை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நடுவில் ஓடினாள். "ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்ல!" தூரத்திலிருந்து பார்த்தால் உதவிக்குக் கூப்பிடுவது போலவே இருந்தது. எல்லோரும் வேகத்தைக் கூட்டினார்கள்.

முதலாளி சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்த அதே நேரம், மெக்கானிக் ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார். அவர் "ஐயோ" என்று கத்த வாயைத் திறந்தார், ஆட்டுக்காரம்மா அந்த வாயில் சர்க்கரையைப் போட்டார். அண்ணன் தோளைப் பிடித்தார், தம்பி காலைப் பிடித்தார்.

"தூக்கு, தூக்கு! உன் பக்கம் சாயுது பாரு!" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியும், நீ உன் பக்கத்தைப் பாரு!" என்றார் தம்பி.

எட்டு வருஷம் பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்பதைக்கூட அந்தக் கலவரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று காலை இருவரும் தனித்தனியாக யோசித்து ஒரே காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள். தொட்டி ஒருவருக்கே போதாது. "காலை மிதிக்காதே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

கதவுப்பலகையில் மல்லாந்தபடி, மூன்றடி உயரத்தில் இருந்துகொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த முதலாளி கேட்டார்: "யார் நீங்கள்லாம்?"

ஒன்பது பேரும் பீடிகையைப் பார்த்தார்கள். நேற்றைய கட்டளை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சித்தி முன்னால் வந்தாள். "நாங்க யாரும் இல்லைங்க" என்றாள் மரியாதையாக. "நாங்க இங்க இல்லவே இல்லை. நீங்க ஒருத்தரையும் பாக்கல."

முதலில் வெடித்தது முதலாளியம்மாவின் சிரிப்புதான். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "அந்த ஆடு! அந்த ஆடு வந்திருக்குங்க!" என்று ஆட்டுக்காரம்மாவைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். ஆட்டுக்காரம்மா கூச்சத்தோடு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

முதலாளி சிரிக்கவில்லை. பலகையிலிருந்து இறங்கி நின்றார். இனி மறைத்து ஆவது ஒன்றுமில்லை என்று ஆனதும் பீடிகைக்கு ஒரு தைரியம் வந்தது.

"நான்தான் சார் ஒளியச் சொன்னேன். இவங்க மேல தப்பில்லை. உங்க விளம்பரம்தான் பொய். இங்க ஒன்பது பேர் இருக்காங்க. உங்களுக்குப் பிடிக்கலன்னு இல்லாம போயிட முடியாது சார். அது என் சித்தி. வழியை மூடினா அவங்களைப் பாக்க எனக்கு வேற வழி கிடையாது. இதைக் காலையிலேயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவர் சித்தியைப் பார்த்து, "வண்டி கொஞ்ச நேரம் நின்னா இப்படித்தான் ஓடிவருவீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமும் இருந்தது, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் இங்கதான் நின்னார்" என்றாள் சித்தி. கையால் இடத்தைக் காட்டினாள், கொஞ்சம் வடக்கே, மற்ற இடத்தைப் போலவே வெள்ளையாக இருந்தது. "பதினோரு வருஷம் ஆச்சு. ஜீப்பு அச்சு உடைஞ்சு போச்சு. நான் ஆட்டுக்காரம்மா வீட்டுல இருப்பார்னு நினைச்சேன். அவங்க என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார்னு நினைச்சாங்க. ஆளாளுக்கு நினைச்சுக்கிட்டே ரெண்டு நாள் இருந்துட்டோம். அதுக்கப்புறம் நாங்க நினைக்கிறதில்லைங்க. போய்ப் பாத்துடுறது."

காற்று வீசியது. வானிலைக்காரர் குடையை விரித்து முதலாளியின் தலைக்கு மேல் பிடித்தார். ஏற்கெனவே நனைந்தவருக்குக் குடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"போன மாசம் எனக்கு மூணு நாள் காய்ச்சல்" என்றார் முதலாளியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்க ஊர்ல இல்ல. மேலயும் கீழயுமா நாப்பது வீடு. ஒருத்தரும் வந்து கதவைத் தட்டல." கணவரைக் குத்திக்காட்டச் சொன்னது மாதிரி இல்லை, அந்த இடத்தில் ஞாபகம் வந்தது, சொன்னார். அவர் மனைவியைப் பார்த்தார். இந்தக் காய்ச்சல் அவருக்குப் புதுச் செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஈரத்தோட நிக்கறீங்களே" என்றாள் சித்தி. "வீட்டுக்கு வாங்க. மாத்துத் துணி தர்றேன்."

மதியம் முழுக்கச் சித்தி வீட்டில்தான் கழிந்தது. இரண்டு அறை, ஒரு நீளமான மேஜை. பதின்மூன்று பேர் இந்தப் பக்கம் மூச்சுவிட்டால் அந்தப் பக்கம் சுவர் உப்பும் போல இருந்தது. இரண்டு முறை டீ போட்டார்கள். முதலாளியம்மா கல்யாண ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், அப்படி ஒரு ஆளை ஆட்டுக்காரம்மா அதுவரை கண்டதில்லை. அண்ணனும் தம்பியும் எட்டு வருஷப் பாக்கியை ஒரே மதியத்தில் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள், பாதி வசவுதான். முதலாளி சித்தப்பாவின் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. மெக்கானிக் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆழ்குழாய் பம்பு எப்படிப் பழுதாகும் என்று விளக்கினார். ஒரு மணி நேரம்.

மற்றவர்கள் அவரவர் வீட்டுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனார்கள். வண்டி கிளம்பும்போது பீடிகை மாத்திரைப் பொட்டலத்தைச் சித்தி கையில் கொடுத்தாள். வழக்கமாக நாலு அட்டைதான். அன்றைக்கு எட்டு வாங்கி வந்திருந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. சித்தி எண்ணிப் பார்த்தாள். ஏன் இத்தனை என்று கேட்கவில்லை, அவள் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியில் முதலாளி முன் இருக்கையில் உட்கார்ந்தார். துண்டுக்கு அடியில் இருப்பது என்ன என்று கேட்டார். தம்பி துண்டை எடுத்துவிட்டு ரேடியோவைப் போட்டான்.

"போயாச்சு." மெக்கானிக். ஏரி முழுக்க முதலாளி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "போயாச்சு." அண்ணன். "போயாச்சுன்னு நான்தான் சொல்லணும்!" அவருடைய தம்பி. "போயாச்சு." ஆட்டுக்காரம்மா. "போயாச்சு, மழைக்கு அறிகுறி இல்லை." வானிலைக்காரர்.

மாலை வெயில் இருக்கும்போதே அலுவலக வாசலுக்கு வந்துவிட்டார்கள். வழி என்ன ஆகும் என்று பீடிகை கேட்கவில்லை. தம்பி மைக்கை எடுத்தான், வண்டி வந்து சேர்ந்ததைச் சொன்னால்தான் ஆறு வீட்டிலும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். முதலாளி கையை நீட்டினார். கொடுத்தான்.

அந்த மனிதருக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. தம்பி காட்டினான்.

"வந்து சேர்ந்தாச்சு" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "நாலு பேரும் நல்லா இருக்கோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

கரகரப்பு. சித்தியின் குரல். "சார், ஒரு விஷயம். அவசரத்துல மறந்துட்டேன். அந்தச் சட்டை அவரோடது. அது திரும்பி வரணும்."

முதலாளி குனிந்து தன்மேல் இருந்த சட்டையைப் பார்த்தார். காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"வரும்மா" என்றார். "புதன்கிழமை வண்டில வரும்."

அவ்வளவுதான் சொன்னார். மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். முதலாளியம்மா இறங்கும்போது பீடிகையின் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார். பீடிகை உள்ளே போய், வரைபடத்துக்கு முன்னால் நின்று, சேலைத் தலைப்பால் மஞ்சள் சாக்பீஸைத் துடைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஆறு புள்ளியும் வெளியே வந்தன. அழுகை வந்தது, அதையும் அதே தலைப்பில் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் மஞ்சளாயிற்று.

அலுவலக ரேடியோவில் சித்தி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "மேல் பொத்தான் தொங்கிக்கிட்டிருக்கு, பாத்துத் துவைக்கச் சொல்லு. கேக்குதாடி? என்னடி பேச்சையே காணோம்?"